புகை விடாத காரில் மாப்பிள்ளை ஊர்வலம்

என் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை அழைப்புப் படங்கள் மொத்தம் பன்னிரண்டு. பன்னிரண்டிலும் கார் இருக்கிறது, மாலை இருக்கிறது, நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னம் இருக்கிறது. என் முகம் மட்டும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் புகை இருக்கிறது. போட்டோகிராபர் மேல் தப்புச் சொல்ல முடியாது. அவர் பாவம், இருமிக்கொண்டேதான் அத்தனையும் எடுத்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் (வேடிக்கை மற்றவர்களுக்கு), எனக்குத் தெரிந்து அம்பத்தூர் வட்டாரத்திலேயே புகை விடாத காரில் ஊர்வலம் வந்த முதல் மாப்பிள்ளை நான்தான். எலெக்ட்ரிக் கார். என் கையால் செய்தது. எலெக்ட்ரிக் கார் சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்று இன்றைக்கு டீக்கடை முதல் டிவி வரை எல்லோரும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு வந்தால் நான் மெதுவாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தேழு வயது. மண்ணூர்பேட்டையில், எஸ்டேட் என்று நாங்கள் சொல்கிற அம்பத்தூர் தொழிற்பேட்டை ஓரமாக, பேட்டரி சார்ஜர் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் வேலை. உட்கார்ந்தால் நிற்க வேண்டும், நின்றால் நடக்க வேண்டும், நடந்தால் எங்காவது போய் எதையாவது கழற்ற வேண்டும் என்று கை கால் பரபரத்துக்கொண்டே இருக்கும். என் அப்பா அந்தப் பரபரப்புக்கு ஒரு பெயர் வைத்திருந்தார். அதை அச்சில் போட முடியாது. மேனாம்பேட்டிலிருந்து சைக்கிள் மிதித்து எஸ்டேட்டுக்குள் நுழைந்தால் லாரிப் புகை, பஸ் புகை, பட்டறைப் புகை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பாகும். இந்த வண்டிகள் எல்லாம் பேட்டரியில் ஓடினால் எப்படி இருக்கும் என்று ஒருநாள் கைக்குட்டையைப் பார்த்தபடி யோசித்தேன். அந்த யோசனை மண்டைக்குள் ஏறியது, இறங்கவே இல்லை. மூன்றே மாதத்தில் வேலையை விட்டுவிட்டேன்.

கூட்டாளி டில்லிபாபு. எஸ்டேட் வாசலில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தான். எந்த வண்டியையும் கழற்றிவிடுவான். மாட்டும்போதுதான் இரண்டு போல்ட் மிஞ்சும். எஞ்சின் போன பழைய கார் ஒன்றைப் பிடித்தோம். சுமை தூக்கும் வண்டியிலிருந்து கழற்றிய மோட்டாரை அதில் வைத்தோம். பழைய லாரி பேட்டரிகள் எட்டு. நான்கை டிக்கியில் அடுக்கினோம். பின்சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு மீதி நான்கை அங்கே வைத்து, மேலே பலகை போட்டு, பலகை மேல் மெத்தை போட்டோம். வண்டி ஓடியது! மண்ணூர்பேட்டையிலிருந்து அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் திரும்பி வந்தது. வருகிற வழியில் நானும் டில்லியும் கத்திய கத்தலில் இரண்டு மாடுகள் ரோட்டை விட்டு இறங்கின.

ஒரே ஒரு குறை. வேகத்தைக் குறைக்க எங்களுக்குத் தெரிந்த வழி, கரண்டை ஒரு பெரிய கம்பிச் சுருள் வழியாக விடுவதுதான். வேகமாகப் போனால் கரண்ட் முழுக்க மோட்டாருக்குப் போகும். மெதுவாகப் போனால் பாதிக்கு மேல் அந்தச் சுருளில் சூடாகி வீணாகும். "கார்னா வேகமா போவத்தானே மச்சான், மெதுவா போவ நட இருக்குதே" என்றான் டில்லி. நியாயமாகப் பட்டது.

இந்தச் சமயத்தில்தான் கோமதி. எங்கள் பழைய கம்பெனிக்குப் பக்கத்துக் கம்பெனியில் டைப்பிஸ்ட். ஆவடி குவார்ட்டர்ஸில் வீடு. அப்பாவுக்கு அங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபோர்மேன் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒரே பஸ் நிறுத்தத்தில் நின்று நின்று பழக்கமாகி, பிடித்துப்போய், அது வீடு வரைக்கும் தெரிந்துபோன நிலை. அவளிடம் காரைக் காட்ட நான் துடித்த துடிப்பு இருக்கிறதே! ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தின் முன்னால் சத்தமில்லாமல் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"சத்தமே இல்லையே" என்றாள்.

"புகையும் இல்லை" என்றேன், சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு.

"கரண்ட் எங்கேருந்து வருது?"

"ப்ளக்லேருந்து."

"ப்ளக்குக்கு?"

"லைன்லேருந்து."

"லைனுக்கு?"

(இந்த மாதிரிக் கேள்வி கேட்கிற பெண்ணை ஒன்று கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பஸ் நிறுத்தத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.)

அவளுடைய சித்தி வீடு ஓர் அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்ததாம். பள்ளிக்கூட லீவுக்கு அங்கே போவாளாம். காலையில் துவைத்துப் போட்ட வெள்ளைப் பாவாடை மத்தியானம் எடுக்கும்போது சாம்பல் பூத்திருக்குமாம். "அப்போ புகை எங்கேயும் போகலை. இங்கேருந்து எங்க சித்தி வீட்டுக்குக் குடிபோயிருக்கு, அவ்வளவுதானே?" என்றாள்.

நான் விடவில்லை. ஆயிரம் வண்டியின் பின்னால் ஓடி ஓடிப் புகையை அடைப்பதைவிட ஒரே ஒரு புகைபோக்கியைச் சரிசெய்வது சுலபம் இல்லையா என்று கேட்டேன். நல்ல வாதம்தான், இன்றைக்கும் அதுதான் என் கட்சி. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிபண்ணிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது. என் நல்ல நேரம்.

கோமதியின் அப்பா சங்கரபாண்டியன் எங்கள் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். அரை மனசுச் சம்மதம். மாப்பிள்ளை மேல் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை, மாப்பிள்ளைக்கு வேலை இல்லை என்பதுதான் குறை. நிச்சயதார்த்தத்தன்று ஆவடி குவார்ட்டர்ஸில் காப்பி குடித்து முடித்ததும், என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் உட்கார்ந்த நாற்காலி முனையிலேயே இருந்தேன்.

"மாப்ள, நம்ம சிநேகிதர் ஒருத்தர் எஸ்டேட்ல பம்ப் கம்பெனியில இருக்காரு. சரக்கு நல்லா இருக்கா, இல்லையான்னு சோதிச்சுப் பாக்குத வேலை. சொல்லி வச்சிருக்கேன். கல்யாணம் முடிஞ்ச பொறவு சேந்துக்கிடுங்க."

"என் கார், மாமா?"

"அது ஞாயித்துக்கெழம ஓட்டுங்க. யாரு வேண்டாம்னா?"

எனக்குச் சுருக்கென்றது. ரோஷம் வந்தால் வாய் தானாகத் திறந்துகொள்கிற வியாதி எனக்கு அப்போது இருந்தது. வாசலில் கோமதி நிற்கிறாள், அவளுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன். "மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் வேண்டாம் மாமா. என் காரிலேயே வருகிறேன். ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல், துளிப் புகை இல்லாமல் மண்டப வாசலில் வந்து நிற்பேன். நின்றால் என்னை என் போக்கில் விட்டுவிடுங்கள். நிற்காவிட்டால் மறுவாரமே பம்ப் கம்பெனியில் சேர்ந்துவிடுகிறேன்." (பேசும்போது இப்படித்தான் மேடைத் தமிழ் வந்தது. ரோஷத்துக்கு இலக்கணம் அதிகம்.)

சங்கரபாண்டியன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரும்பைத் தட்டிப் பார்த்தே உள்ளே விரிசல் இருப்பதைச் சொல்லிவிடுகிற மனிதர். "சரி மாப்ள" என்றார். அவ்வளவுதான். கோமதி உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கல்யாணம் வரை நான் சரியாகத் தூங்கவில்லை. பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, நம் கார் அதைப் போலப் பத்து மடங்கு ஓடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். தூரத்தைத்தான் கணக்குப் போட்டேன். ஊர்வலம் என்ன வேகத்தில் போகும் என்பதை யோசிக்கவே இல்லை. எத்தனை ஊர்வலம் பார்த்திருக்கிறேன்! தெருமுனைக்குத் தெருமுனை நின்று, நாதஸ்வரக்காரர் முழு ராகமும் வாசித்து முடிக்கிறவரை காத்திருந்து, பத்தடி நகர்ந்து, மறுபடி நிற்கும். ஆமைகூடக் கடுப்பாகிக் குறுக்குச் சந்தில் போய்விடும். அந்த வேகத்தில் போனால் எங்கள் கம்பிச் சுருள் என்ன பாடுபடுத்தும் என்று சார்ஜர் கம்பெனியில் வேலை பார்த்த எனக்கே உறைக்கவில்லை.

ஊர்வலத்துக்கு முதல் நாள் காரைக் கொண்டுபோய் மண்டபத்தின் பின்கட்டில் நிறுத்தினோம். பெரிய ப்ளக் மண்டபம் முழுக்க ஒன்றே ஒன்று, சமையல்கட்டில். அதில் சார்ஜரை மாட்டி, 'தொடாதே' என்று அட்டையில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். சமையல்காரர் நல்ல மனிதர். நூறு பேருக்கு இட்லிக்கு மாவு ஆட்ட வேண்டும், கிரைண்டருக்கும் அதே ப்ளக்தான். நான் அந்தப் பக்கம் போனதும் சார்ஜரைப் பிடுங்கிக் கிரைண்டரை மாட்டினார். மாவு ஆட்டி முடித்ததும் கிரைண்டரைப் பிடுங்கிவிட்டு, 'தொடாதே' என்று எழுதியிருந்ததால் சார்ஜரைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டார். இது எனக்கு ஊர்வலம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. மறுநாள் காலையில் மீட்டரைப் பார்த்தபோது முள் மேலேதான் நின்றது. வேலை செய்யாமல் சும்மா இருக்கிறபோது பழைய பேட்டரி எல்லாம் முழுசாகத்தான் காட்டும்.

மாலை ஆறரை மணி. பிள்ளையார் கோவில் வாசல். வைகாசிப் புழுக்கத்தில் எனக்குக் கம்பளிக் கோட்டு மாட்டி, கழுத்தில் மாலை போட்டு, பேட்டரி மேல் பலகை, பலகை மேல் மெத்தை, மெத்தை மேல் என்னை ஏற்றி உட்கார வைத்தார்கள். ஊர்வலத்துக்கென்று டில்லி காரின் கூரையை அறுத்து எடுத்திருந்தான். டிரைவர் சீட்டில் அவனே. முன்னால் நாதஸ்வரம், இரண்டு பக்கமும் ட்யூப்லைட்டைத் தலையில் சுமந்த ஆட்கள். அந்த லைட்டுகளுக்குக் கரண்ட் கொடுக்க, கடைசியில் ஒரு மூன்று சக்கர மிதிவண்டியில் டீசல் ஜெனரேட்டர். அதன் சொந்தக்காரர் ஏகாம்பரம். அவர் என் காரின் பின்னால் குனிந்து என்னமோ முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா பண்ற அங்க?" என்றான் டில்லி.

"ஜெனரேட்டர்ல லோடு ஜாஸ்தியா கீது அண்ணாத்தே. இது கரண்டு வண்டி தானே? மாப்ள மூஞ்சிக்கு ரெண்டு ஃபோகஸ் லைட்டும் மைக் செட்டும் இதுல மாட்டிகினேன். கல்யாணம்னா மூஞ்சி தெரிய வாணாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. மேளச் சத்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை கத்தினால் யாருக்குக் கேட்கும்?

முதல் தெருமுனையில் பத்து நிமிஷம். இரண்டாவது தெருமுனையில் என் நண்பர்கள் ஆட ஆரம்பித்தார்கள், கால் மணி. எனக்கு ஊர்வலமே தெரியவில்லை, முன்னால் இருந்த மீட்டர் முள் மட்டும் தெரிந்தது. ரோட்டோரம் நின்றவர்களைப் பார்த்துக் கும்பிட்டபடியே முள்ளைப் பார்த்தேன். சிரித்தபடியே முள்ளைப் பார்த்தேன். அது இறங்கியது. கம்பிச் சுருள் என் பலகைக்குக் கீழே பழுத்துக்கொண்டிருந்தது. கீழே சூடு, மேலே கம்பளி, முகத்தில் ஃபோகஸ் லைட். நான் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன், மறுபடி அந்தப் பக்கமாக நகர்ந்தேன். மாப்பிள்ளைக்குக் கூச்சம் என்று பெண் வீட்டுக்காரர்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டார்கள்.

"டேய், முள்ளு கீழ போவுதுடா" என்றேன் பல்லைக் கடித்தபடி.

"நீ மாப்ள. நேரா பாத்துகினு சிரி. முள்ள நான் பாத்துக்கறேன்."

"வேகமா ஓட்டுடா!"

"முன்னாடி நாயனம் வாசிக்கறவரு மேலயே ஏத்தவா?"

மூன்றாவது தெருமுனையில் கார் நின்றது. நாதஸ்வரம் நகர்ந்துபோனது, ட்யூப்லைட்டுகள் நகர்ந்துபோயின, நான் நகரவில்லை. டில்லி இறங்கி, சக்கரத்தை எட்டி உதைத்தான். (எலெக்ட்ரிக் காருக்கும் அதுதான் வைத்தியம் என்று நம்பினான்.) முன்னால் நடந்துகொண்டிருந்த சங்கரபாண்டியன் திரும்பி வந்தார். பட்டுக்கரை வேட்டி, தோளில் துண்டு. காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பரவால்ல மாப்ள. பொம்பளையாளுக வந்த டாக்சி பின்னால நிக்கு. அதுல ஏறிக்கிடுங்க. நேரம் ஆகுதுல்லா."

அவர் குரலில் கேலி துளிகூட இல்லை. கேலி இருந்திருந்தால் இறங்கியிருப்பேன். அந்த மனிதர் நிஜமாகவே என் மேல் இரக்கப்பட்டார், அதுதான் தாங்கவில்லை. இறங்கினால் கார் போச்சு, டில்லியோடு போட்ட திட்டமெல்லாம் போச்சு, இனி ஆயுள் முழுக்கப் பம்ப்பில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். "வேண்டாம் மாமா, அஞ்சே நிமிஷம்" என்றேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது. இருபத்தேழு வயதில், கோட்டு சூட்டில்.

ஏகாம்பரம்தான் வழி சொன்னார். "இன்னா மாமே இதுக்குப் போயி கலங்கிகினு? சார்ஜரு வண்டில கீதா? அதான் பின்னாடி ஜெனரேட்டர் கீதே, சொருவு!"

இன்றைக்கு எழுதும்போது எனக்குக் கூசுகிறது. அன்றைக்கு அது கடவுளே வந்து சொன்ன யோசனையாகத் தெரிந்தது. சார்ஜர் முன்சீட்டின் கீழே இருந்தது. பாதி ட்யூப்லைட்டுகளை அணைத்து, ஜெனரேட்டரிலிருந்து என் காருக்கு ஒரு கறுப்பு ஒயரை இழுத்து மாட்டினோம். ஜெனரேட்டர் ஒருமுறை முக்கியது. பிறகு அதன் வாயிலிருந்து ஒரு புகை வந்தது பாருங்கள்! நான் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டில் அவ்வளவு கறுப்பாக எதுவும் வந்து பார்த்ததில்லை. காற்று வேறு பின்னாலிருந்து அடித்தது. புகை நேராக வந்து என் மாலையில், சந்தனத்தில், திறந்த வாயில் இறங்கியது. ஆனால் கார் நகர்ந்தது. ஓர் அடி, இரண்டு அடி. ஒயர் இழுபடாமல் இருக்க ஏகாம்பரம் அந்த மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டே எங்களை ஒட்டி வந்தார். பசுவுக்குப் பின்னால் கன்று வருகிற மாதிரி. இங்கே பால் கொடுத்தது மட்டும் கன்று.

டீக்கடை வாசலிலிருந்து ஒருவர் கேட்டார், "இன்னா நைனா, டீசல் வண்டியா?"

"எலெக்ட்ரிக்குபா!" என்று கத்தினான் டில்லி, பெருமையாக.

"அப்ப பின்னாடி வர்றது இன்னா?"

டில்லி இருமினான்.

மண்டபத் தெருவுக்குள் திரும்பினோம். மண்டபத்தின் மாடி ஜன்னலில் பெண்கள் கூட்டம், நடுவில் கோமதி. கல்யாணப் பெண் குனிந்த தலை நிமிரக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது என்று அவளுக்கு அன்று காலையிலிருந்து பாடம் நடந்திருக்கிறது. அவள் நிமிர்ந்து, காரைப் பார்த்து, ஒயரைப் பார்த்து, ஒயர் முடிகிற இடத்தைப் பார்த்தாள். நாதஸ்வரக்காரர் அந்த நேரம் பார்த்துப் புகை தாங்காமல் வாசிப்பை நிறுத்தினார். தெரு முழுக்க அமைதி.

"கரண்ட் எங்கேருந்து வருதுன்னு கேட்டேன்" என்றாள் கோமதி, ஜன்னலிலிருந்து. "கையோடயே கூட்டிட்டு வந்து காட்டிட்டீங்களே!"

முதலில் மாடியில் சிரித்தார்கள். பிறகு தெருவில் சிரித்தார்கள். ட்யூப்லைட் சுமந்தவர் சிரித்ததில் லைட் ஆடியது. நான் சிரித்தேனா என்று கேட்காதீர்கள். அப்போதுதான், மண்டப வாசலுக்கு இன்னும் நாற்பதடி இருக்கும்போது, ஜெனரேட்டர் கடைசியாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நின்றது. எல்லா லைட்டும் போயிற்று.

அரை இருட்டு. நாற்பதடி. நான் இறங்கி நடந்து போய்விடலாம் என்று காலைத் தூக்கினேன். "உக்காருங்க மாப்ள" என்று பின்னாலிருந்து குரல். சங்கரபாண்டியன் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, காரின் டிக்கியில் கை வைத்து நின்றார்.

"மாமா, நீங்க வேண்டாம்..."

"பந்தயம் கெடக்கட்டும். எம்பொண்ணு மாடியில நின்னு பாத்துக்கிட்டு இருக்கா. அவளக் கட்டப் போறவரு நடந்தா வரணும்?" திரும்பிச் சொந்தக்காரர்களைப் பார்த்தார். "ஏலே, எல்லாரும் என்ன வேடிக்க பாக்கியோ? தள்ளுங்கலே!"

அவரோடு சேர்த்துப் பெண் வீட்டு ஆண்கள் பதினான்கு பேர், புது வேட்டியோடு வந்து தள்ளினார்கள். கார் நிற்கட்டும் என்று சங்கரபாண்டியன் சும்மா இருந்தாலே ஜெயித்திருப்பார். தள்ளினார். எனக்கு அந்தப் பேட்டரி மேலேயே உட்கார்ந்து கண்ணீர் வந்தது, புகைதான் காரணம் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். புகை இல்லை. வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டையே கீழே போடப் பார்த்தாள்.

இறங்கியதும் நேராக மாமனாரிடம் போனேன். "நான் தோத்துட்டேன் மாமா. வேலையில சேர்ந்துடறேன்."

அவர் துண்டால் என் நெற்றியைத் துடைத்தார். துண்டைத் திருப்பிப் பார்த்தார், கறுப்பு. "பெட்ரோல் இல்லாம வந்துட்டீங்க, அத நான் இல்லேங்கல" என்றார். "புகைக் கணக்க நாளைக்குப் பேசுவோம். இப்பம் போயி மூஞ்சியக் கழுவுங்க."

மறுநாள் தாலி கட்டினேன். மறுவாரம் பம்ப் கம்பெனியில் சேர்ந்தேன், அங்கேயே இருந்து ஓய்வும் பெற்றேன். அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

பிடிக்காமல் போனது வேறொன்று. பேட்டரிகளை ஒரு பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்தோம். அவர் தூக்கிப் போகச் சோம்பல்பட்டு எங்கள் கொல்லையிலேயே உடைத்து, ஈயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே இருந்த ஆசிட் தண்ணீரை அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போனார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மழைக்காலம் வந்தது, கொல்லை முழுக்கப் பச்சை, அந்த இடம் மட்டும் மொட்டை. அப்பா ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த ஆள். குந்தி உட்கார்ந்து அந்த மண்ணைக் கையால் கிளறிப் பார்த்தார். "இன்னாத்தடா ஊத்துன இங்க? அருகம்புல்லு கூட மொளைக்கல" என்றார். திட்டினால்கூடப் பரவாயில்லை, அவர் திட்டவில்லை. ஊர் சிரித்ததை நான் மறந்துவிடுவேன். அந்த மொட்டை இடத்தை மறக்க முடியவில்லை. சுத்தமான வண்டி செய்கிறேன் என்று கிளம்பியவன் நான்.

இதற்கிடையில் ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு பிரளயம் நடந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு உடுத்திய வேட்டிகள் சலவைக்குப் போய் வந்தன. போகும்போது வேட்டி, வரும்போது சல்லடை. ஒருவர் சலவைக்காரரோடு சண்டை போட்டார், இன்னொருவர் எலி மருந்து வாங்கினார். பிறகுதான் பதினான்கு பேரும் ஒன்றுகூடிப் பார்த்தார்கள். எல்லா வேட்டியிலும் ஓட்டைகள் ஒரே உயரத்தில், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, டிக்கியின் உயரத்தில்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஜெனரேட்டர் சார்ஜ் ஏற்றிய வேகத்தில் பழைய பேட்டரிகள் கொதித்து, மூடி வழியாக ஆசிட் வழிந்து டிக்கியின் இடுக்கில் சொட்டியிருக்கிறது. இருட்டில் தள்ளியவர்கள் யாரும் பார்க்கவில்லை. ஆசிட் பட்ட பருத்தித் துணி பார்க்க நன்றாகத்தான் இருக்கும், துவைத்தால்தான் அங்கங்கே உதிரும். குவார்ட்டர்ஸுக்குப் போய்ப் பதினான்கு பேர் முன்னாலும் கைகட்டி ஒப்புக்கொண்டேன். தலை தீபாவளிக்கு மாமனார் மாப்பிள்ளைக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளையே மாமனார் உட்படப் பதினான்கு பேருக்கு வேட்டி எடுத்துக்கொண்டு போய் இறங்கியது எங்கள் குடும்பத்தில்தான் நடந்தது. இன்றைக்கும் எந்த விசேஷத்திலும் என் பக்கத்தில் உட்கார வருகிற திருநெல்வேலிக்காரர், வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார்.

போன வருஷம் என் மகள் எலெக்ட்ரிக் கார் வாங்கினாள். கடையிலிருந்து வாங்கியது, என்னைப் போலச் செய்ததில்லை. வாங்குவதற்கு முன் எங்கள் வீட்டில் பெரிய விவாதம். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். கோமதி இரண்டே விஷயம் கேட்டாள். "கரண்ட் எதுலேருந்து வருது? பேட்டரி செத்தா எங்கே போகும்?" மகள் தேடிப் படித்துப் பதில் சொன்னாள். கரண்டில் ஒரு பங்கு இப்போது காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் வருகிறதாம், மீதி பெரும்பாலும் இன்னும் நிலக்கரிதானாம். அப்படி இருந்தும் மொத்த ஆயுளுக்குப் பார்த்தால் பெட்ரோல் காரைவிடப் புகை குறைவுதானாம். பேட்டரியை உருக்கி மறுபடி எடுக்கிறார்களாம், எடுக்க வேண்டுமாம். "'எடுக்கிறாங்க' எத்தனை, 'எடுக்கணும்' எத்தனைன்னு பார்த்துக்கோ" என்றாள் கோமதி. "குறைவுன்னா வாங்கு. இல்லவே இல்லைன்னு மட்டும் யார்கிட்டேயும் பெருமை அடிச்சுக்காதே." முப்பது வருஷம் கழித்து அவள் என் கட்சிக்குப் பாதி தூரம் வந்திருக்கிறாள். எனக்கு அதுவே போதும்.

கார் வந்த அன்று முதல் சவாரிக்கு மாமனாரை அழைத்துப்போக ஆவடிக்குப் போனோம். எண்பதைத் தாண்டியவர், இப்போதும் நிமிர்ந்துதான் நடப்பார். பேத்தியின் முதல் கார் என்று சலவை வேட்டி கட்டித் தயாராக வாசலில் நின்றார். காரைச் சுற்றி வந்து, குனிந்து, ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "நல்ல வண்டி" என்றார்.

"ஏறுங்க தாத்தா" என்றாள் மகள்.

"அப்பாவும் வாராரா?"

"ஆமா, பின்சீட்ல உங்க பக்கத்துல."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போனார். ஐந்து நிமிஷம் கழித்து, பழைய லுங்கி கட்டிக்கொண்டு வந்து ஏறினார்.